வால்யூமை ஏற்றும் முன்

புதுச்சேரி கோரிமேட்டில் கார் செட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஜிப்மர் மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிவரும் டாக்ஸி ஓட்டுநர்கள் முதல் இங்கே குடியிருக்கும் ஆசிரியர்கள் வரை பலரும் ஒரே குறையோடுதான் வருவார்கள். "அண்ணே, புது செட்டு போட்டும் சத்தம் பத்தல. பெரிய ஆம்ப் ஒண்ணு வெச்சிடலாமா?"

ஆம்ப் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் முதலில் இருப்பதைச் சோதிப்போம் என்பேன். குழாயில் ஓட்டை இருக்கும்போது மோட்டாரை மாற்றி என்ன பயன்? போனிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒலி வரும் வழியில் அது எங்கே தொலைகிறது என்று வரிசையாகப் பார்த்தால், பல குறைகள் காசில்லாமலே தீர்ந்துவிடும்.

1. போனில் தொடங்குங்கள்

புளூடூத்தில் பல வண்டிகளில் இரண்டு வால்யூம் உண்டு: போனில் ஒன்று, செட்டில் ஒன்று. போனில் பாதியில் வைத்துவிட்டுச் செட்டில் உச்சிக்கு ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும். போனைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்து, கூட்டுவதையும் குறைப்பதையும் செட்டில் செய்யுங்கள். ஆக்ஸ் வயர் போட்டுக் கேட்பவர்கள் போனை முக்கால் அளவில் நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் சில போன்களில் ஒலி உடையும்.

அடுத்து, பென் டிரைவில் ஒரு பாட்டையும் பிறகு எஃப்.எம்.மையும் போட்டுப் பாருங்கள். புளூடூத்தில் மட்டும் சத்தம் குறைவு, மற்ற இரண்டும் சரி என்றால் ஸ்பீக்கர் மேல் பழியில்லை. ஃபேடரும் பேலன்ஸும் நடுவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின் ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று வந்த எத்தனையோ வண்டிகளில் ஃபேடர் முழுக்க முன்பக்கம் தள்ளியிருந்தது.

2. எஃப்.எம். மட்டும் கரகரத்தால்

புதுச்சேரி வானொலி நிலையம் நம் கோரிமேடு இந்திரா நகரில்தான் இருக்கிறது. நகருக்குள்ளேயே உள்ளூர் நிலையம் கரகரத்தால் அலைவரிசையைக் குறை சொல்ல முடியாது. ஆன்டெனாவைத்தான் பார்க்க வேண்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் கூரைமேல் இருக்கும் குட்டை ஆன்டெனாவுக்குள் சிறு ஆம்ப்ளிஃபயர் உண்டு. அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். செட்டிலிருந்து வரும் நீல வயர் அதற்காகத்தான். கம்பெனி செட்டைக் கழற்றிப் புதியதைப் போடும்போது இந்த வயரைத் தொங்கவிட்டுவிட்டால் எஃப்.எம். மெலிந்துபோகும். சில கார்களில் அந்த மின்சாரம் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகும். அவற்றுக்குச் சிறிய அடாப்டர் ஒன்று போட வேண்டும்.

3. வயரின் நிறம் பேசும்

வெளியில் வாங்கும் செட்டுகளின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றே. மஞ்சள், எப்போதும் பேட்டரி. சிவப்பு, சாவி போட்டால் வரும் மின்சாரம். கறுப்பு, எர்த். முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். காரின் பக்கம் வரும் வயர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் வயரை வெட்டி முறுக்காமல், அந்தக் காருக்கான கப்ளர் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

சாவியை எடுத்ததும் செட் எல்லா அமைப்பையும் மறந்துவிடுகிறதா? மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம். சத்தம் இருந்தும் பேஸ் இல்லையா? ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஒரு கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பேலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்பியதும் பேஸ் கூடினால் குறை இதுதான். உறுதி செய்ய, செட்டிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

4. ரேஸ் கொடுத்தால் கூடவே ஊளையிட்டால்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்ய்' சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அது உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் எர்த். கடற்கரை ஊரில் உப்புக்காற்று போல்ட்டு நட்டுகளை விடுவதில்லை. எர்த் வயர் பிடித்திருக்கும் இடத்தில் துரு பிடித்திருந்தாலோ, பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தாலோ இரைச்சல் வரும். உப்புத்தாள் போட்டுத் தகரம் மின்னும்வரை தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஆம்ப் இருக்கும் வண்டியில் பேட்டரி வயரையும் ஒலியைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளையும் ஒரே பக்கமாக இழுக்கக் கூடாது. ஒன்று இடது, ஒன்று வலது.

5. விட்டு விட்டு வந்தால்

பேலன்ஸையும் ஃபேடரையும் திருப்பி ஒரு கதவு மட்டும் பாடும்படி வையுங்கள். பாடும்போதே அந்தக் கதவைத் திறந்து மூடுங்கள். சத்தம் போய் வந்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் வயரைக் கழற்றி ஸ்பீக்கரை அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் போயிற்று.

வால்யூம் ஏற்றியதும் செட்டே அணைந்தால், ஸ்பீக்கர் வயர் எங்காவது தகரத்தில் உரசுகிறதா என்று தேடுங்கள். ஸ்பீக்கர் மைனஸை எக்காரணம் கொண்டும் பாடியில் எர்த் செய்யாதீர்கள். செட்டின் உள் ஐ.சி. எரிந்துவிடும். டேஷ்போர்டைப் பிரிக்கும் எந்த வேலைக்கும் முன்பாகப் பேட்டரி மைனஸைக் கழற்றுவது கட்டாயம்.

6. 50 வாட் என்ற நம்பிக்கை

பெட்டியில் 50 வாட், 4 சேனல் என்று போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் சுத்தமான ஒலி 26 வாட்டைத் தாண்டாது. கைக்குக் கிடைப்பது 20 வாட் அளவுதான். அதற்கு மேல் ஏற்றினால் வருவது சத்தமல்ல, உடைந்த ஒலி. ட்வீட்டர்களை எரிப்பது அதுதான். வால்யூமை மெல்ல ஏற்றி, குரல் கரடுமுரடாகும் இடத்தைக் கண்டு, அதற்கு இரண்டு புள்ளி கீழே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். பேஸையும் ட்ரெபிளையும் உச்சத்தில் வைத்திருந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

பேஸ் வேண்டுமென்றால் முதலில் கதவைக் கவனியுங்கள். கதவுத் தகரத்தில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்னால் வந்து பேஸைத் தின்றுவிடுகிறது. டேம்பிங் ஷீட் ஒட்டி அவற்றை மூடினால் பழைய ஸ்பீக்கரே புதிதாகக் கேட்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சத்தம் போதாது என்பவர்களுக்கு ஆம்ப் பொருத்தித் தருகிறேன். ஆனால் பலரும் அதுவரை வருவதில்லை. எர்த் சுத்தமாகி, ஸ்பீக்கர்கள் ஒரே திசையில் தள்ள ஆரம்பித்ததும் குரலும் தாளமும் தனித்தனியாகக் கேட்கும். குறையுள்ள செட்டில்தான் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும்.

எங்கள் பகுதியில் வால்யூமை அளவோடு வைப்பது இன்னும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின் கீழ் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் அளவு. ஜிப்மருக்கு விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆம்புலன்ஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடி ஏற்றிய காருக்குள் பாட்டு அலறினால் பின்னால் வரும் சைரன் காதில் விழாது. ஒவ்வொரு வண்டியையும் ஒப்படைக்கும்போது நான் வைக்கும் கடைசிச் சோதனை இதுதான்: பாட்டு ஓடும்போது பக்கத்துச் சீட்டில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் எனக்குக் கேட்க வேண்டும், பாட்டின் ஒவ்வொரு சொல்லும் புரியவும் வேண்டும். உங்கள் செட்டும் இதில் தேறினால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.