கேப் டவுன் ஜாஸும் நிறவெறியும்

கேள்வி: இசை இனவெறியைக் கரைத்துவிடும் என்கிறார்களே, கேப் டவுன் ஜாஸ் அதற்குச் சான்றா?

பதில்: பாதிச் சான்றுதான். வெள்ளையரான கிறிஸ் மெக்கிரிகர் பியானோ வாசிக்க, டுடு புக்வானா போன்ற கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்திருந்த ‘புளூ நோட்ஸ்’ குழு மேடையில் நிறம் பார்க்கவில்லை. சட்டம் பார்த்தது. 1964-இல் பிரான்ஸில் நடந்த இசை விழாவுக்குப் போன அக்குழுவினரில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். கேப் டவுனில் பல இனத்தார் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி, 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது; 60,000 பேருக்கு மேல் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். இசைக்கு ரசிகர் மட்டும் போதாது. ஒத்திகைக்கு இடம் வேண்டும்; கச்சேரி முடிந்து நள்ளிரவில் நடந்தே வீடு சேரும் தூரம் வேண்டும். புல்டோசர் இடித்தது அதையும் சேர்த்துத்தான்.

கேப் டவுன் ஜாஸ் கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் ‘மானன்பெர்க்’ என்ற இசை போராட்ட கீதமாகவில்லையா என்பீர்கள். ஆனது. 1974-இல் பதிவான அதில் பேசில் கூட்ஸியின் சாக்ஸபோன்தான் உயிர். துரத்தப்பட்டவர்கள் பலர் குடியேற்றப்பட்ட புறநகரின் பெயர்தான் அதற்கு. ஆனால் ஒடுக்கப்பட்டவருக்குத் தெம்பு தருவது வேறு, ஒடுக்கியவரின் மனதை மாற்றுவது வேறு. முதலாவதை அந்த இசை செய்தது. இரண்டாவதைச் செய்ததாக நான் நம்பவில்லை. குடியிருப்புகளை நிறவாரியாகப் பிரித்த சட்டம், அதற்குப் பிறகும் 1991 வரை அமலில் இருந்தது.