ஒரே நகரம், இரண்டு வாழ்க்கை
(இந்த மாதக் குழுக் கூட்டத்தில் படித்துப் பேச)



பட்டணத்துக்குப் போனால் பிழைச்சுக்கலாம் என்று நாம் சொல்வோம். ஆனால் பட்டணத்தில் எந்த இடத்தில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பும் அமைகிறது. சென்னையையே எடுத்துக்கொள்வோம்.

கூவம், அடையாறு கரையோரக் குடிசைகளில் இருந்த பெண்கள் பலருக்கு வீட்டு வேலையும் பூ வியாபாரமும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. 2000-ம் ஆண்டு முதல் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளுக்கு மாற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். மாடி வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம். வேலைக்குப் போக ஒன்றரை மணி, திரும்பி வர ஒன்றரை மணி. மாதம் 25 நாள் என்றால் 75 மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு மிச்சம்தான், நேரம் மிச்சமாகவில்லையே! இரண்டு வீட்டில் வேலை பார்த்தவர் ஒரு வீட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் கண்ணகி நகர் முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். வருமானத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு இப்படித்தான் மனிதரைப் பிரிக்கும் சுவராகிறது. ஏழைகளை ஓரிடத்தில் ஒதுக்கிவிட்டால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதில்லை, பழகுவதில்லை. பழகாத இடத்தில் சந்தேகம்தான் வளரும்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, இதே கண்ணகி நகர்ப் பெண். திறமை எல்லா இடத்திலும் இருக்கிறது. வாய்ப்புதான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதில்லை.

கூட்டத்தில் பேச:
1. நம் ஊரிலும் ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்திருக்கிறோமா? தண்ணீர், ரோடு, பஸ் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருகிறதா?
2. நம் குழுவில் எல்லாத் தெருப் பெண்களும் இருக்கிறார்களா? இல்லையென்றால் யார் விடுபட்டார்கள்?
3. விடுபட்ட பகுதிக்காகக் கிராம சபையில் என்ன கோரிக்கை வைக்கலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.