தொட்டிக்குக் கெளுத்தி வாங்கப் போகிற தம்பிக்கு

கண்ணாடியில் பாசி படிகிறது, அதைத் தின்ன ஒரு கெளுத்தி வேண்டும் என்று கடைக்குப் போகாதே, தம்பி. விளக்கு அதிக நேரம் எரிந்தால் பாசி வரும். தீனி மிஞ்சினாலும் வரும். அதைச் சரிசெய்வது உன் வேலை, மீனின் வேலை இல்லை. நம்ம கொளத்தூர் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிற சக்கர் மீனின் நெருங்கிய சொந்தம் இங்கே ஜெர்மனியில் வாபென்ஷில்டர்வெல்ஸ் என்ற பெயரில் விரல் நீளக் குஞ்சாகக் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அரை மீட்டர் வரை வளரும், பல வருஷம் வாழும். ஆகவே எந்தக் கெளுத்தியைக் காட்டினாலும் ‘முழுசா வளர்ந்தா எவ்வளவு நீளம்?’ என்பதே உன் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் உன் தண்ணீரைத் தெரிந்துகொள். ஜெர்மனியில் இது சுலபம். உன் ஊர்த் தண்ணீர் வாரியத்தின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் கடினத்தன்மை எவ்வளவு என்று வந்துவிடும். 8.4 ஜெர்மன் டிகிரிக்குக் கீழே மென்மை, 14 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். சலவைத்தூள் டப்பாவில் எவ்வளவு போட வேண்டும் என்று அச்சிட்டிருப்பதும் இந்த மூன்று பிரிவை வைத்துத்தான். எனக்கு இங்கே ஸ்டுட்கார்ட்டில் போடன்ஸே ஏரித் தண்ணீர் வருகிறது, சுமார் 9 டிகிரி. உன் பெர்லின் தண்ணீர் கடினம். கெட்டிலில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தாலே தெரியும். உன் கப்பிக்கும் பிளாட்டிக்கும் அது பிடிக்கும். அமேசானின் மென்மையான கறுப்பு நீரிலிருந்து வரும் கெளுத்திகளுக்குப் பிடிக்காது. தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, வருகிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடு.

உன்னுடைய 80 சென்டிமீட்டர், 112 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்வது பான்சர்வெல்ஸ், அதாவது கோரிடோராஸ். அதிலும் வெண்கல நிறக் கோரி. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தது, கடின நீரையும் தாங்கும், கப்பிக்கு வைக்கிற 24 டிகிரி வெப்பமே அதற்கும் போதும். புள்ளிக் கோரியும் கெட்டிதான், ஆனால் கொஞ்சம் குளிர்ச்சி கேட்கும். 20 டிகிரியைச் சுற்றி ஓடுகிற தொட்டிக்குத்தான் அது. ஸ்டெர்பாய் கோரியோ 26, 27 டிகிரியிலும் சுகமாக இருக்கும், அதனால் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். ‘கோரி’ என்று ஒரே பெயரில் கேட்டால் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாமல் போய்விடும். 54 லிட்டர் தொட்டி வைத்திருக்கும் உன் நண்பனிடம் குள்ளக் கோரியைச் சொல். அது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது.

எதை வாங்கினாலும் ஒரே இனத்தில் ஆறு, முடிந்தால் எட்டு. வகைக்கு ஒன்றாக ஆறு வாங்குவது கூட்டம் ஆகாது. கோரி தன் இனத்தோடு சேர்ந்துதான் தைரியமாக வெளியே வரும். தனியாக விட்டால் வேர்க்கட்டைக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கும். அடியில் மெல்லிய மணல் போடு, கூர்மையான ஜல்லி வேண்டாம். மணலுக்குள் முகத்தைப் புதைத்து இரை தேடுவது அதன் இயல்பு. ஜல்லியில் தேடித் தேடி மீசை தேய்ந்துபோன கோரிகளைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். பயப்படாதே, அது குடல் வழியாகவும் சுவாசிக்கிற மீன். ஓயாமல் மேலேயே போய்க்கொண்டிருந்தால் மட்டும் தண்ணீரைச் சோதித்துப் பார்.

கோரி சாந்தமான மீன்தான், ஆனால் வெறும் சாந்தம் மட்டும் மற்ற மீன்களோடு பொருத்தம் ஆகிவிடாது. கோரியின் துடுப்பு முள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். பெரிய சிச்லிட் மீன் அதை விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் மாட்டி இரண்டுமே சாகலாம். வலையிலும் அந்த முள் சிக்கும். அதனால் கோரியை வலையில் அள்ளாமல் ஒரு டப்பாவுக்குள் மெல்ல ஓட்டிப் பிடி.

கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கெளுத்திதான் வேண்டும் என்றால் அன்டென்னென்வெல்ஸ், சாதாரண ஆன்சிஸ்ட்ரஸ், ஒன்றே ஒன்று. 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆணின் மூக்கில் கிளைகிளையாக மீசை இருக்கும். இரண்டு ஆண்களை ஒரு சின்னத் தொட்டியில் விட்டால் குகைக்காகச் சண்டை வரும். வேர்க்கட்டை இல்லாத தொட்டியில் அதை விடாதே, அது சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டிய மீன். வாரத்தில் சில நாள் சுக்கினி, வெள்ளரித் துண்டு போடு, மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடு.

இதே குடும்பத்து மீன்களுக்கு இங்கே கடைச் சீட்டில் எல் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். பிரேசில் ஆறுகளிலிருந்து அறிவியல் பெயரே வைக்கப்படாத கெளுத்திகள் குவியக் குவிய, 1988-இல் ‘டாட்ஸ்’ என்ற ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் ஒவ்வொன்றையும் படத்தோடு வெளியிட்டு எண் கொடுக்கத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அந்த எண்தான் வழக்கில் இருக்கிறது. சீட்டில் எண் இருந்தால் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் படித்துவிட்டு முடிவெடு. எல் 183 என்பதும் ஆன்சிஸ்ட்ரஸ்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டும் துடுப்பில் வெள்ளை ஓரமுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீர் கேட்கும், பெர்லின் குழாய்த் தண்ணீருக்கு ஆகாது. எல் 46 என்கிற வரிக்குதிரைக் கெளுத்தி பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக்கு மட்டுமே உரியது. பெலோ மோன்ட்சி அணையால் அதன் இருப்பிடமே ஆபத்தில் இருக்கிறது, பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கப்பித் தொட்டிக்கு அது வேண்டாம். கோரிகளுக்கு வேறு குழப்பம்: 2024-இல் அந்தப் பேரினத்தையே ஆய்வாளர்கள் பிரித்துவிட்டார்கள். வெண்கலக் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர், புள்ளிக் கோரி ஹாப்லிசோமா. ஒரே மீன் கடைக்குக் கடை வேறு பெயரில் இருந்தால் திகைக்காதே.

வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது சில. புள்ளி பிமெலோடஸ் துறுதுறுவென்று மனசைக் கவரும், ஆனால் இரவில் நியானும் கப்பிக் குஞ்சும் குறைந்துகொண்டே வரும். பொதுவாக, வாய் அகன்று மீசை நீண்ட கெளுத்தி எதுவானாலும் வாய்க்குள் அடங்குகிற மீனைத் தின்னும். ஹைவெல்ஸ் என்று விற்கிற கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும். நம்ம ஊர்த் தேளியின் முள் விஷம் உனக்கே தெரியும். ஓட்டோசிங்க்ளஸ் நல்ல மீன்தான், ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்துக் கொண்டுவரப்படுவது. பட்டினியோடு வந்து சேரும். பாசி பிடித்துப் பழகிய, பல மாதம் ஓடிய தொட்டிக்கு மட்டும், வயிறு உருண்டிருப்பதைப் பார்த்து வாங்கு.

கடையில் அவசரப்படாதே. மீசை முழுசா இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, எப்போது வந்த மீன் என்று பார்த்துக் கேள். தீனி போடச் சொல்லித் தின்கிறதா என்று பார். 2014 ஆகஸ்டிலிருந்து, விலங்கு வியாபாரம் செய்பவர் அந்த உயிரின் தேவைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. தயங்காமல் அந்தத் தாளைக் கேட்டு வாங்கு. குளிர்காலமாக இருந்தால் தெர்மகோல் பெட்டி கொண்டுபோ. ஜனவரியில் பஸ் நிறுத்தத்தில் பிளாஸ்டிக் பையோடு நிற்காதே.

வீட்டுக்கு வந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கு. விளக்கை அணைத்தபின் மூழ்கும் மாத்திரைத் தீனி போடு. மேலே மிதப்பதைக் கப்பிகளே முடித்துவிடும், கெளுத்தி பட்டினி கிடக்கும். அம்மா வீட்டில் செய்கிற மாதிரி தொட்டியில் கல்லுப்பு போட்டே வைக்கும் பழக்கத்தை விட்டுவிடு, கெளுத்திகளுக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்து எதுவானாலும் கெளுத்திக்குப் பாதுகாப்பானதா என்று சீட்டைப் படித்துவிட்டு ஊற்று.

ஒன்றே ஒன்று என்று சொன்னேன், ஆனாலும் பின்னாளில் ஆன்சிஸ்ட்ரஸ் ஜோடி அமைந்துவிட்டால் குகைக்குள் ஆண் முட்டையைக் காத்து, துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். பிறகு டஜன் கணக்கில் குஞ்சு வரும். அவற்றை ஏரியிலோ ஆற்றிலோ விடவே கூடாது. சட்டமும் தடுக்கிறது. கொல்லும் குளிரில் தப்பாது என்றும் நினைக்காதே: கொலோன் பக்கத்தில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் யாரோ விட்ட கப்பிகள் பெருகி வாழ்கின்றன. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் சக்கர் மீன் பெருகி மீனவர் வலையைக் கிழிப்பதையும் நீ அறிவாய். மீன் வளர்ப்போர் சங்கங்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு, அவற்றின் கூட்டமைப்பு 1911-இல் தொடங்கியது. பல சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஃபிஷ்பெர்ஸ’ என்ற மீன் சந்தை நடத்தும், குஞ்சுகளை அங்கே கொடுக்கலாம். உன் கோரிகளையும் முடிந்தால் அங்கேயே வாங்கு. உள்ளூர்த் தண்ணீரில் பிறந்தவை, வளர்த்தவரே நேரில் நின்று பதில் சொல்வார்.