வைப்ரேட்: சொல்லும் கடிகாரமும்

ஓசூர் பஸ் நிலையத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஆனால் செல்போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்றால் எல்லாருக்கும் 'வைப்ரேட்' என்ற ஒரே சொல்தான். பட்டறையில் லேத் மெஷின் அதிர்ந்தாலும் 'வைப்ரேஷன்' என்றே சொல்கிறோம்.

இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியில் உள்ள 'விப்ராரே'. ஆட்டுதல், அசைத்தல் என்று பொருள். ஈட்டியை ஓங்கி ஆட்டிக் காட்டுவதையும் இது குறிக்கும். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. 'ஷேக்' என்பதும் ஆட்டுவதுதானே என்று கேட்கலாம். புளிய மரக் கிளையைப் பிடித்து உலுக்குவது ஷேக். வீணைத் தந்தியை மீட்டியதும் அது இருபுறமும் ஒரே சீராகத் துடிக்கிறதே, அது வைப்ரேட். நம் மொழியில் உலுக்கல் வேறு, அதிர்வு வேறு என்பது போலத்தான்.

இந்தச் சீரான அதிர்வுதான் கடிகாரத்துக்கு உயிர். டாடா குழுமமும் டிட்கோவும் 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூர் தொழிற்சாலையில் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தயாரித்தது. குவார்ட்ஸ் படிகத்தில் மின்சாரம் பட்டால் அது அதிரும். கிருஷ்ணகிரி கிரானைட்டில் மின்னும் துகள்களிலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் கடிகாரத்துக்கு வேண்டிய படிகத்தைத் தொழிற்சாலையில் வளர்த்தெடுக்கிறார்கள். கவட்டை வடிவில் வெட்டிய அந்தச் சிறு துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோத எண்? கால்குலேட்டரை எடுத்து 32,768ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். பதினைந்தாவது முறை 1 வரும். அதுதான் ஒரு விநாடி! இரண்டால் வகுப்பது எலக்ட்ரானிக் சர்க்யூட்டுக்கு மிக எளிய வேலை.

உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டிலும் இதே படிகம்தான் நேரம் காக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது அதிர, 'சிஆர் 2032' என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி மின்சாரம் தருகிறது. சில வருடங்களில் பேட்டரி தீர்ந்தால் அதிர்வு நின்று, தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பேங்க் வெப்சைட்டைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வரலாம். வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். அது தவறாக இருந்தால், டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது பேட்டரியை, கூட்டல் குறி மேலே தெரியும்படி பொருத்துங்கள். பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். லேப்டாப் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.