சுவிட்சை அணைச்சாலும் அணையாத மின்சாரம்

இந்த வார அறிவியல் பகுதியில் வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பற்றிப் பார்ப்போம். இதைக் கட்டாயம் கடைசி வரை படிங்க. ஏன்னா இதில் உயிர் விஷயம் இருக்கு.

வால்வு என்றால் என்ன?

காற்றை வெளியே எடுத்துவிட்ட கண்ணாடிக் குழாய்தான் வால்வு. 1904-ல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் என்ற ஆங்கில விஞ்ஞானி இதைச் செய்தார். சைக்கிள் டியூப்பில் இருக்கும் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. அதே மாதிரி இது மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும். அதனால்தான் அந்தப் பெயர். 1906-ல் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் உள்ளே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அதற்குப் பிறகு சின்ன ஒலியைப் பெரிதாக்க முடிந்தது. 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. அப்புறம் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது.

இரண்டு வகை மின்சாரம்

வால்வுக்குள் ஒரு இழை சூடாகணும். அதுக்கு 6.3 வோல்ட் போதும். சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றை வெற்றிடத்தின் வழியாக எதிர்ப்பக்கம் இழுக்க 250 வோல்ட் மாதிரி பெரிய அழுத்தம் வேணும். டார்ச் பேட்டரியால் இது முடியாது.

எங்க பெரியப்பா பழைய வால்வு ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். அவர் மேசை மேல் உள்ள இரும்புப் பெட்டிதான் இந்த வேலையைச் செய்யுது. அதற்குள் இருப்பவை:

1. டிரான்ஸ்பார்மர்: 230 வோல்ட்டை 6.3 வோல்ட்டாகவும், 250-0-250 வோல்ட்டாகவும் மாற்றும்.
2. திருத்தி: மாறுதிசை மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும்.
3. இரண்டு கண்டன்சர் (மின்தேக்கி), நடுவில் ஒரு சோக்: மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். இது இல்லைன்னா ரேடியோவில் 'ர்ர்ர்' என்று இரைச்சல்தான் கேட்கும்.

ஒரு கணக்கு

250 வோல்ட் என்பது உச்ச அளவு இல்லை. உச்சம் 250 × 1.414 = 353 வோல்ட். கண்டன்சர் அந்த உச்சம் வரை நிரம்பும். அதனால்தான் 450 வோல்ட் தாங்கும் கண்டன்சர் போடுறாங்க.

ஒவ்வொன்றும் 47 மைக்ரோ ஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து 94. சேமித்த ஆற்றல் = ½ × மின்தேக்குத் திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம். 350 வோல்ட் என்று வைத்தால் சுமார் 5.8 ஜூல் வரும். 1 கிலோ எடைக்கல் 59 செ.மீ. உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் இது. இவ்வளவுதானா என்று நினைக்காதீங்க. கையை வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் மொத்தமும் உடம்பில் பாயும்.

முக்கியமான ஆபத்து இதுதான். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் இருக்கும். வால்வைக் கழற்றி வைத்திருந்தால் அது வடிய வழியே இல்லை. மணிக்கணக்கில் அப்படியே இருக்கலாம்.

வடிகால் ரெசிஸ்டர்

தொட்டித் தண்ணீருக்கு வடிகால் வைக்கிற மாதிரி கண்டன்சரின் இரு முனைக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடணும். அணைத்த பின் மின்னழுத்தம் இப்படி இறங்கும்:

0 நொடி – 350 வோல்ட்
9.4 நொடி – 129 வோல்ட்
18.8 நொடி – 47 வோல்ட்
28.2 நொடி – 17 வோல்ட்
37.6 நொடி – 6 வோல்ட்
47 நொடி – 2 வோல்ட்

பெட்டி ஓடும்போது இந்த ரெசிஸ்டரில் 1.2 வாட் வெப்பம் உண்டாகும். அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகி அறுந்துபோகும். அப்புறம் வடிகாலும் இல்லை, அது தெரியவும் தெரியாது. அதனால் 5 வாட் ரெசிஸ்டர் போடுவாங்க. அப்படியும் ஒரு நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பெரியப்பா உள்ளே கை வைப்பார். அப்பவும் ஒரு கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி இதயம் வழியாக மறு கையில் இறங்கும்.

நமக்கு என்ன?

நம் வீட்டில் வால்வு ரேடியோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் சீலிங் ஃபேனிலும், கிணற்று மோட்டார் பெட்டியிலும், பழைய பெட்டி டிவியிலும் கண்டன்சர் உண்டு. "கரண்டுதான் இல்லையே" என்று யாரும் திறந்து தொடாதீங்க. சில பழைய ரேடியோவில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. அதில் உள்ளே இருக்கும் தகடே ஷாக் அடிக்கும். இந்தப் பெட்டியை நாம் செய்து பார்க்க வேண்டாம். கணக்கை மட்டும் போட்டுப் பாருங்க.

யோசியுங்கள்

1. 100-க்குப் பதில் 200 கிலோ ஓம் போட்டால் 2 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நொடி ஆகும்?
2. அப்போது ரெசிஸ்டரில் எத்தனை வாட் வெப்பம் வரும்?

விடை அடுத்த வாரத் தாளில்!