ஒருவர் எப்படி ‘ஸ்டாஃப்’ ஆவார்?

கேள்வி: ஐயா, நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். அதில் ‘ஐ ஆம் எ ஸ்டாஃப் இன் தி கெமிஸ்ட்ரி லேப்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த என் தம்பி, ‘எ ஸ்டாஃப்’ என்பது தப்பு என்கிறான். எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையில் ‘ஆல் ஸ்டாஃப்ஸ் ஆர் ரிக்வெஸ்டெட்’ என்றுதான் எப்போதும் வருகிறது. அதுவும் தப்பா? ‘ஸ்டாஃப் ஈஸ்’ என்று எழுதுவதா, ‘ஸ்டாஃப் ஆர்’ என்று எழுதுவதா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் தம்பி சொல்வது சரி. சுற்றறிக்கை தப்பு. மூன்றாவது கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாம் தமிழில் பேசும்போது ‘ஸ்டாஃப்’ என்பது ஓர் ஆள். “எங்க ஸ்டாஃப் இன்னிக்கு லீவு”, “புது ஸ்டாஃப் வந்திருக்காங்க” என்று மாணவர்கள் சொன்னால் ஒரே ஓர் ஆசிரியரைத்தான் சொல்கிறார்கள். தமிழுக்குள் வந்தபின் அந்தச் சொல் அப்படி மாறிவிட்டது; தமிழ்ப் பேச்சில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே பொருளை மனத்தில் வைத்திருப்பதால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ஸ்டாஃப் என்பது ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லோரும் சேர்ந்த தொகுதி. ‘ஐ ஆம் எ ஸ்டாஃப்’ என்பது “நான் ஒரு குழு” என்பதுபோல.

இந்தத் தொகுதிப் பொருள் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் ஸ்டாஃப் என்றால் கோல், தடி. கொடிக்கம்பம் ‘ஃபிளாக்ஸ்டாஃப்’ ஆனதும், பிரிட்டனில் ‘ஹாஃப் மாஸ்ட்’ எனப்படும் அரைக்கம்பத்தை அமெரிக்கர்கள் ‘ஹாஃப் ஸ்டாஃப்’ என்பதும் இதனால்தான். பின்னர் படைத் தளபதிக்கு உதவும் அதிகாரிகள் குழுவுக்கு இந்தப் பெயர் வந்தது. அதிகாரத்தின் அடையாளமாகக் கையில் பிடித்த கோலிலிருந்து இந்தப் பொருள் பிறந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பாளர் கருத்து. படையிலிருந்து மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் என்று பரவியபோதும் ‘குழு’ என்ற பொருள் மாறவில்லை. நம் தரைப்படைத் தலைவரின் பதவிப்பெயர் 1955 முதல் ‘சீஃப் ஆஃப் தி ஆர்மி ஸ்டாஃப்’. அங்கே ஸ்டாஃப் என்பது அந்தத் தலைவரைக் குறிப்பதில்லை. அவர் தலைமை வகிக்கும் அதிகாரிகள் அமைப்பைக் குறிக்கிறது.

சரி, ஒரே ஓர் ஆளைச் சொல்ல வேண்டுமானால்? பிரிட்டிஷ் வழக்கில் ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’, அமெரிக்க வழக்கில் ‘எ ஸ்டாஃப் மெம்பர்’. இந்தியாவில் எதை எழுதினாலும் புரியும். ‘ஷி ஈஸ் ஆன் தி ஸ்டாஃப் ஆஃப் தி காலேஜ்’ என்பதும் நல்ல ஆங்கிலம். இங்கே ‘இன்’ என்பதைவிட ‘ஆன்’ பொருத்தம். ‘ஆர் யூ ஸ்டாஃப்?’ என்று ‘எ’ போடாமல் ஒருவரைக் கேட்பதும் உண்டு. அங்கே அந்தச் சொல் ஆளை எண்ணுவதில்லை, அவர் எந்த வகை என்று சொல்கிறது. ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்பதில் ‘எ’ வரலாம். ஏனென்றால் அந்த ‘எ’ நர்ஸுக்கு உரியது.

அடுத்து ‘ஸ்டாஃப்ஸ்’. ஒரு கல்லூரிக்கு ஒரு ஸ்டாஃப்தான், அதில் 300 பேர் இருந்தாலும். ஆகவே சுற்றறிக்கையில் ‘ஆல் ஸ்டாஃப் ஆர் ரிக்வெஸ்டெட்’ என்றோ ‘ஆல் ஸ்டாஃப் மெம்பர்ஸ் ஆர் ரிக்வெஸ்டெட்’ என்றோ இருக்க வேண்டும். மத்திய அரசுப் பணியாளர்களை ஆயிரக்கணக்கில் தேர்வு செய்யும் ஆணையமும் ‘ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன்’தான், அதன் பெயரில் ‘ஸ்’ இல்லை. ஆனால் ‘ஸ்டாஃப்ஸ்’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மருத்துவமனைகளின் பணியாளர் தொகுதிகளைத் தனித்தனியே சொல்லும்போது ‘தி ஸ்டாஃப்ஸ் ஆஃப் போத் ஹாஸ்பிட்டல்ஸ்’ சரியே. எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, தொகுதிகள். கோல் என்ற பொருளில் ‘ஸ்டாஃப்ஸ்’, ‘ஸ்டேவ்ஸ்’ இரண்டுமே பன்மைதான்.

எண்ணிக்கை சொல்லும்போது ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். ‘எ ஸ்டாஃப் ஆஃப் 20’ எங்கும் செல்லும். ‘20 ஸ்டாஃப்’ என்றும் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் தாராளமாக எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘ஒன் ஸ்டாஃப்’ என்று கீழே இறங்கக் கூடாது. 20 பேரைக் குழுவாகப் பார்க்க முடியும், ஒருவரை முடியாது.

இனி ‘ஈஸ்’, ‘ஆர்’. அமெரிக்கர்கள் குழுவை ஒன்றாகப் பார்ப்பார்கள்: ‘தி ஸ்டாஃப் ஈஸ் ஹெல்ப்ஃபுல்’. பிரிட்டிஷ் வழக்கில் உள்ளே இருக்கும் ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்: ‘தி ஸ்டாஃப் ஆர் ஹெல்ப்ஃபுல்’. நம் பள்ளிப் பாடம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழியில் வந்ததால் ‘ஆர்’ நமக்கு இயல்பாக வரும். எதை எடுத்தாலும் பாதியில் மாற்றாதீர்கள். ‘தி ஸ்டாஃப் ஹேஸ்’ என்று தொடங்கினால் அடுத்து ‘இட்ஸ்’ வர வேண்டும்; ‘தி ஸ்டாஃப் ஹேவ்’ என்றால் ‘தெயர்’. ‘தி ஸ்டாஃப் ஹேஸ் சப்மிட்டெட் தெயர் ரிப்போர்ட்ஸ்’ என்று இரண்டையும் கலப்பதைத்தான் கவனமான ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிப்பார்கள். குழப்பமாக இருந்தால் ‘ஸ்டாஃப் மெம்பர்ஸ் ஹேவ்’ என்று எழுதுங்கள். அப்போது பன்மையைப் பற்றிச் சந்தேகமே எழாது.

உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். ‘ஐ ஆம் எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப் இன் தி கெமிஸ்ட்ரி லேப்’ என்று திருத்தினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் அப்படி எழுத வேண்டாம். படிப்பவருக்கு அதிலிருந்து நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரியாது. அலுவலகத்தைக் கூட்டுபவரும் முதல்வரும் ஒரே ஸ்டாஃபில்தான் இருக்கிறார்கள். உங்கள் பதவியையே சொல்லுங்கள்: ‘ஐ ஆம் எ லேப் அசிஸ்டென்ட் இன் தி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்’. அல்லது ‘லேப் டெக்னீஷியன்’. உங்கள் பணி ஆணையில் எது இருக்கிறதோ அது. ‘அசிஸ்டென்ட்’, ‘டெக்னீஷியன்’ இரண்டும் ஓர் ஆளைக் குறிக்கும் சொற்கள். ‘எ’ தாராளமாகப் பொருந்தும்.