முகம், ஆன்மா, கட்டளை: மூன்று மிகுபுனைவுத் தொடர்களில் மாயக் கொலையாளிகள்

என் மேசையில் கிடந்த தடித்த ஆங்கில நாவலைப் புரட்டிப் பார்த்த உம்மா, "என்ன மகள், கொலைகாரன்ட கதையா வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். அன்று என்னால் ஒழுங்காக விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஃபென்டசி' எனப்படும் மிகுபுனைவு நாவல்கள் பல, ஆசிரியர் தாமே படைத்த உலகமொன்றில் நடப்பவை. அவ்வுலகுக்கென நிலப்படமும் வரலாறும் மாய ஆற்றல்களும் உண்டு. இத்தகைய தொடர்கள் பலவற்றில் மாய ஆற்றல் கொண்ட கொலையாளிகள் வருகிறார்கள். இவர்களுள் யார் பலசாலி என்பதே வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நான் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். கொலையாளி ஆவதற்கு இவர்கள் தம்மிடமிருந்த எதனைக் கைவிட்டார்கள்?

முதலாவது, ரொபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய 'த வீல் ஒஃப் டைம்'. அவர் 2007இல் காலமானபின், பிரன்டன் சான்டர்சன் 2013இல் இத்தொடரை நிறைவுசெய்தார். இதில் வரும் 'சாம்பல் மனிதர்கள்' இருளின் தலைவனுக்குத் தம் ஆன்மாவையே கொடுத்துவிட்டவர்கள். அவர்கள் எதிரில் நின்றாலும் பார்ப்பவரின் கண் அவர்களைக் கவனியாது வழுக்கிச் சென்றுவிடும். மூன்றாம் நூலில், கல்விக்கூடம் போன்ற ஒரு கோபுரத்துக்குள்ளேயே இப்படியொருவன் எய்த அம்பிலிருந்து இரு இளம்பெண்கள் மயிரிழையில் தப்புகிறார்கள். அவனுக்கென்று ஒரு கதையை ஆசிரியர் தரவில்லை. உள்ளே எதுவும் மிஞ்சாதவனுக்கு ஏது கதை?

இரண்டாவது, ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சோங் ஒஃப் ஐஸ் அன்ட் ஃபயர்'. முதல் நூல் 1996இல் வெளிவந்தது. பிராவோஸ் நகரில் 'முகமற்றவர்கள்' என்றொரு கூட்டம் இருக்கிறது. இறந்தோரின் முகங்களை அணிந்து எவராகவும் உருமாற அவர்களால் முடியும். அவர்கள் கைவிடுவது சொந்தப் பெயரை. குடும்பத்தை இழந்த ஆர்யா என்னும் சிறுமி அவர்களிடம் பயிலச் செல்கிறாள். தான் 'யாருமில்லை' என்று அவள் மனதாரச் சொல்ல வேண்டும். தன் உடைமைகளையெல்லாம் நீரில் எறிகிறாள். ஆனால் அண்ணன் கொடுத்த சிறு வாளை மட்டும் எறிய மனம் வராமல் கல்லுக்கடியில் ஒளித்துவைக்கிறாள். பின்னர் ஒரு கிழவரைக் கொல்லும் பணி வந்ததும், அவர் கெட்டவர்தானா என்று ஆராய்கிறாள். தீர்ப்பளிப்பது உன் வேலையல்ல என்று ஆசான் கண்டிக்கிறார். அவள் அந்தப் பணியை முடித்துவிடுகிறாள். ஆனாலும் அந்த வாளும் அந்தக் கேள்வியும் ஆர்யா இன்னும் ஆர்யாதான் என்று காட்டுகின்றன.

மூன்றாவது, சான்டர்சனின் 'த ஸ்டோம்லைட் ஆர்கைவ்'. 2010இல் வந்த முதல் நூல் ஓர் அரசரின் கொலையோடு தொடங்குகிறது. கொலையாளியான ஸெத் சுவரிலும் கூரையிலும் நடக்க வல்லவன். சாம்பல் மனிதர்கள் கண்ணுக்குப் படாமல் வர, இவனோ எல்லோரும் காணும்படி வெண்ணிற உடையில் வருகிறான். அழுதுகொண்டே கொல்கிறான். அவனுடைய மக்கள் அவனை உண்மையற்றவன் என்று தீர்ப்பளித்து விரட்டியிருந்தார்கள். அவனுக்கென ஒரு சிறிய கல் உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவருடைய கட்டளைக்கு அவன் பணிய வேண்டும். கொலைகளின் பாவம் கட்டளையிட்டவரைச் சேரும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். ஆனால், 2014இல் வந்த இரண்டாம் நூலில் அந்தத் தீர்ப்பே பிழை என்று தெரியவருகிறது. அப்படியானால் அவனைக் கட்டிவைக்க எந்தக் கல்லும் இருந்ததில்லை. செய்த கொலைகள் யாவும் அவனுடையவையே.

ஆக, ஒருவர் ஆன்மாவையும், ஒருவர் பெயரையும், ஒருவர் முடிவெடுக்கும் உரிமையையும் கைவிட்டார்கள். மூவரையும் ஒப்பிட்டபோது என்னை மிகவும் பயமுறுத்தியவன் ஸெத்தான். முதல் இருவரைப் போல் ஆவதற்கு மாயம் வேண்டும். ஸெத்தைப் போல் ஆவதற்கு மாயம் எதுவும் தேவையில்லை.

இதை நான் அறிந்தே சொல்கிறேன். பத்தாம் தரத்தில் எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு மாணவி வந்தாள். அவளோடு பேசக் கூடாதென்று தோழிகள் சிலர் முடிவெடுத்தார்கள். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் பக்கத்திலிருந்து எழுந்து வேறு இடத்தில் போய் அமர்ந்தேன். ஏன் என்று அவள் கேட்டபோது, "நானில்லை, அவங்கதான் சொன்னாங்க" என்றேன். அந்தத் தவணை முடிய அவள் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். நானும் அழுதேன்தான். ஸெத்தும் அழுதான். கொலையும் புறக்கணிப்பும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நான் சொன்ன சாக்கு மட்டும் அவன் சொன்ன அதே சாக்கு.

உம்மாவிடம் இப்போது இப்படிச் சொல்வேன். நான் வாசித்தது கொலை செய்யக் கற்பிக்கும் கதையல்ல. "சொன்னார்கள், செய்தேன்" என்பது ஏன் விடையாகாது என்று எனக்குப் புரியவைத்த கதை. பெற்றோரே, பிள்ளைகளின் கையில் இத்தகைய நூலைக் கண்டால் பறித்துவிடாமல், அதில் வருபவன் ஏன் அப்படிச் செய்தான் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தோழியின் முகவரியைத் தேடிப் பெற்றுவிட்டேன். கடிதத்தின் முதல் வரியில், "நான்தான் எழுந்து போனேன்" என்று எழுதியிருக்கிறேன்.